இரண்டாவது கடை எங்கே?

நியூசிலாந்து என்றதும் நமக்கு ஆட்டு மந்தைகளும் பால் பண்ணைகளுமே நினைவுக்கு வரும். உலகமெங்கும் வெண்ணெயும் பால்மாவும் அனுப்பும் நாடு அது. மக்கள் தொகையோ ஏறத்தாழ 50 லட்சந்தான். அங்கே 2023 ஏப்ரலில் உணவு விலை முந்திய ஆண்டைவிட 12.5 சதவீதம் ஏறியிருந்தது என்றால் நம்பத் தோன்றுகிறதா?

காரணங்கள் பல. உலகச் சந்தை விலை, லாரி வாடகை எல்லாம் உண்டு. நாம் சொல்ல வந்தது வேறொன்று. அந்நாட்டு மளிகை வியாபாரத்தில் பெரும்பகுதி ஃபுட்ஸ்டஃப்ஸ், உல்வொர்த்ஸ் என்ற இரு குழுமங்களின் கையில் இருக்கிறது. கடைப் பலகையில் பெயர்கள் பல. பின்னால் இருப்பவை இரண்டே. இவை நியாயமான லாபத்துக்கு மேல் நாளொன்றுக்கு 10 லட்சம் டாலருக்கும் அதிகமாக ஈட்டுவதாக, வணிக ஆணையம் 2022 மார்ச்சில் வெளியிட்ட அறிக்கை கணக்கிட்டது. கடைக்காரர்கள் அக்கணக்கை ஒப்பவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆனால் நம்மைத் திடுக்கிட வைத்தது லாபக் கணக்கன்று, நிலப் பத்திரம். பெரிய கடை தன் மனையை விற்கும்போது, இங்கு இனி யாரும் மளிகைக் கடை வைக்கலாகாது என்று பத்திரத்திலேயே எழுதி வைத்துவிடுமாம்! அத்தகைய நிபந்தனைகள் 90-க்கும் மேல் இருந்தன. அதே ஆண்டில் சட்டம் இயற்றி அவற்றைத் தடுத்தார்கள். நம் அம்மாமார் நாலு கடை ஏறி இறங்கி விலை கேட்பார்கள். அந்தச் சாமர்த்தியமெல்லாம் இரண்டாவது கடை இருந்தால்தானே செல்லும்?

அந்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் கோடை விடுமுறையில் (அங்கே கோடை டிசம்பரில் வரும்) பட்ட வகுப்பு மாணவ மாணவியர்க்குச் சுமார் 10 வாரம் பணம் கொடுத்து ஆராய்ச்சியில் ஈடுபடுத்துகின்றன. வெங்காய விலை எழுத உபகாரச் சம்பளமா என்று கேட்போர் உண்டு. நாம் அந்தக் கட்சியல்ல.

ஒரு கடையுள்ள ஊரிலும் மூன்று கடையுள்ள ஊரிலும் ஒரே பட்டியலோடு வாராவாரம் விலை குறிப்பது எளிது போலத் தோன்றும். சிற்றூரில் விலை கூடுதல் என்றால், அது போட்டி இல்லாமையாலா, தூரத்து லாரி வாடகையாலா? புதுக் கடையும் காசு புழங்கும் ஊராகப் பார்த்தல்லவா வருகிறது! ஆகவே கடை வருமுன்னும் வந்தபின்னும் அவ்வூர் விலையை எழுதி, கடை வராத பக்கத்து ஊரோடு ஒப்பிட்டால்தான் சிக்கல் சற்று அவிழும். இதற்குப் பொறுமை வேண்டும், பஸ் கட்டணமும் வேண்டும். வசதியுள்ள வீட்டுப் பிள்ளை சம்பளமின்றியே செய்துவிடலாம். விடுமுறையில் வேலைக்குப் போய்த்தான் கல்லூரிச் செலவைச் சமாளிக்கும் பெண்ணுக்கு உதவித்தொகை இல்லையேல் ஆராய்ச்சி எட்டாக்கனி. விலையேற்றத்தின் சூடு நன்கு தெரிந்தவளும் அவளே.

2023-இல் மளிகைத் துறைக்கென்றே ஓர் ஆணையரை நியமித்தார்கள். ஃபுட்ஸ்டஃப்ஸின் வடதீவு, தென்தீவுக் கூட்டுறவுகள் ஒன்றாக இணைய 2024-இல் வணிக ஆணையம் அனுமதி மறுத்தது. இம்மாதிரி வழக்குகளில் குழுமங்களின் பக்கம் கணக்கர்களும் வழக்கறிஞர்களும் நிற்பார்கள். வாங்கும் குடும்பங்களின் பக்கம் ஒரு மாணவியின் 10 வாரக் குறிப்பேடு சேருமானால், அதற்கான செலவைத் தண்டம் என்று நாம் எப்படிச் சொல்வோம்?