பட்டறையும் ஓர் ஆய்வுக்கூடம்தான்

மாணவர்களே, "ஒழுங்காகப் படிக்காவிட்டால் பட்டறைக்குத்தான் போவாய்" என்று யாராவது உங்களிடம் சொல்லியிருக்கிறார்களா? நம்மில் பலர் இதைக் கேட்டே வளர்ந்தோம். நானும் ஒருமுறை சொல்லியிருக்கிறேன். சென்ற ஆண்டு நான்காம் படிவ வகுப்பில், வீட்டுப்பாடம் கொண்டு வராத ஒரு மாணவனிடம் சொன்னேன். வகுப்பே சிரித்தது. அவன் மட்டும் சிரிக்கவில்லை. அவன் தந்தை லாரிப் பட்டறையில் வேலை செய்கிறார் என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

அப்படிச் சொன்னது எவ்வளவு பெரிய தவறு என்பதைப் பள்ளி விடுமுறையில் ஒரு பழைய கார் எனக்குப் புரிய வைத்தது. அந்தக் கதையைக் கேளுங்கள்.

ஈப்போவில் இருக்கும் என் சித்தப்பாவிடம் ஓர் எம்.ஜி.பி. கார் இருக்கிறது. இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய, கூரையை மடக்கிவிடக்கூடிய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் அது. 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் அபிங்டன் நகரில் தயாரிக்கப்பட்ட வகை. 1,798 கன சென்டிமீட்டர் கொள்ளளவும் நான்கு சிலிண்டர்களும் கொண்ட இஞ்சின். கேமரன் மலை ஏற்றத்தில் ஒருநாள் அது மக்கர் செய்தது. எண்ணெயை மிதித்தால் இஞ்சின் சத்தம் ஏறியது; வேகம் ஏறவில்லை. "கிளட்ச் வழுக்குது" என்றார் சித்தப்பா.

கிளட்ச் என்பது என்ன? இஞ்சின் சுற்றும்போது அதன் பின்புறத்தில் கனமான ஒரு சக்கரமும் சேர்ந்து சுற்றும். அதற்கும் அழுத்தத் தட்டு ஒன்றுக்கும் நடுவே, சொரசொரப்பான உறை ஒட்டிய வட்டத் தகடு இருக்கிறது. வலுவான ஸ்பிரிங் ஒன்று இவற்றை இறுக்கிப் பிடிப்பதால் உராய்வு விசை உண்டாகிறது. அந்த உராய்வினால்தான் இஞ்சினின் சுழற்சி கியர்பாக்ஸுக்கும் சக்கரங்களுக்கும் போகிறது. உறை தேய்ந்துவிட்டாலோ அதில் எண்ணெய் பட்டுவிட்டாலோ உராய்வு குறைந்துவிடும். தகடு பிடிக்காமல் வழுக்கும். உராய்வு என்றாலே நமக்கு இழப்பும் தேய்மானமும்தான் நினைவுக்கு வருகின்றன. ஆனால் உராய்வு இல்லாவிட்டால் எந்தக் காரும் வீட்டு வாசலைத் தாண்டாது.

கிளட்ச் மிதியை அழுத்தும்போது பாஸ்கல் விதி வேலை செய்கிறது. மிதி ஒரு சிறிய பிஸ்டனைத் தள்ளுகிறது. குழாயில் உள்ள திரவம் அந்த அழுத்தத்தைப் பெரிய பிஸ்டனுக்குக் கடத்துகிறது. ஓர் உதாரணக் கணக்கு: சிறிய பிஸ்டனின் விட்டம் 2 செ.மீ., பெரியதன் விட்டம் 3 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். பரப்பளவு விகிதம் 4-க்கு 9. சிறிய பிஸ்டனை 400 நியூட்டன் விசையால் தள்ளினால் பெரிய பிஸ்டன் 900 நியூட்டன் விசையைத் தரும். ஆனால் சிறியது 9 மில்லிமீட்டர் நகர்ந்தால் பெரியது 4 மில்லிமீட்டர்தான் நகரும். விசையில் கிடைத்த இலாபத்தைத் தூரத்தில் கொடுத்துவிடுகிறோம். இயற்கை யாருக்கும் இலவசமாக எதையும் தருவதில்லை.

எம்.ஜி.பி.யில் ஒரு சங்கடம் உண்டு. கியர்பாக்ஸை மட்டும் கீழ்வழியாக இறக்கிவிட்டுக் கிளட்சை மாற்ற முடியாது. உடற்சட்டத்தின் அமைப்பு அதற்கு இடம் தராது. கையளவுத் தகடு ஒன்றை மாற்றுவதற்காக இஞ்சினையே வெளியே எடுக்க வேண்டும். சித்தப்பா அதை வீட்டு வாசலிலேயே செய்யத் தீர்மானித்தார். "விடுமுறைதானே, கை கொடு" என்றார். மூன்றாம் படிவத்தோடு பள்ளியை விட்டவர் அவர். ஆசிரியர் பயிற்சி டிப்ளோமாவை வைத்துக்கொண்டு எட்டு ஆண்டுகளாக அறிவியல் போதிப்பவள் நான். அவருக்கு நான்தான் விளக்கம் சொல்லப் போகிறேன் என்ற நினைப்போடுதான் போனேன்.

முதல் நாள் முழுவதும் கழற்றும் வேலை. முதலில் பேட்டரியின் எர்த் வயரைக் கழற்றினார். பிறகு நீரையும் எண்ணெயையும் வடித்தார். போனட், ரேடியேட்டர், கார்புரேட்டர்கள், புகைக்குழாய் என ஒவ்வொன்றாக வெளியே வந்தன. கழற்றிய ஒவ்வொரு வயரிலும் ஒட்டுத்தாள் ஒட்டி எண் எழுதினார். அதே எண்ணை ஒரு பயிற்சிப் புத்தகத்திலும் குறித்துக்கொண்டார். திருகாணிகளைப் பழைய மைலோ டின்களில் பிரித்துப் போட்டார். ஆய்வறிக்கையை இவ்வளவு ஒழுங்காக எழுதும் மாணவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

இரண்டாம் நாள், வாடகைக்கு எடுத்த கிரேன் வந்தது. அதன் மீது 1 டன் என்று எழுதியிருந்தது. இஞ்சினும் கியர்பாக்ஸும் சேர்ந்து 200 கிலோ என்று கணக்குக்கு வைத்துக்கொண்டோம். கவலையே இல்லை என்று நினைத்தேன். சித்தப்பா மட்டும் கிரேனின் கையை எவ்வளவு நீட்ட வேண்டும் என்று அளந்துகொண்டிருந்தார்.

ஏன்? கிரேனின் கை ஒரு நெம்புகோல். அதைத் தூக்கும் ஜாக், ஆதாரப்புள்ளியிலிருந்து 0.4 மீட்டரில் தள்ளுகிறது என்று வைத்துக்கொள்வோம். 200 கிலோ சுமையின் எடை ஏறக்குறைய 2,000 நியூட்டன். அது 0.8 மீட்டரில் தொங்கினால் ஜாக் 4,000 நியூட்டன் தர வேண்டும். கையை 1.2 மீட்டருக்கு நீட்டினால் 6,000 நியூட்டன் தேவை. சுமை அதேதான், தூரம் கூடியதால் திருப்புத்திறன் கூடிவிட்டது. அதனால்தான் கிரேனில் எழுதியிருக்கும் 1 டன் என்பது கை உள்ளே இருக்கும் நிலைக்கு மட்டுமே பொருந்தும். நீட்ட நீட்ட அது தாங்கும் எடை குறையும்.

சங்கிலியை நான்தான் மாட்டினேன். நடுவில், சமமாக. இஞ்சின் அழகாக மட்டமாக எழும்பியது. ஆனால் அரையடி எழும்பியதும் நின்றுவிட்டது. கியர்பாக்ஸின் மேற்பக்கம் காரின் தரைத்தகட்டில் முட்டிக்கொண்டது. நான் இன்னும் தூக்கச் சொன்னேன். சித்தப்பா மறுத்துவிட்டார். "எங்க தூக்கறோம்னு பாக்காதம்மா. எது எங்க கனமா இருக்குன்னு பாரு" என்றார்.

இஞ்சினைப் பழைய இடத்திலேயே பத்திரமாக இறக்கினார். கொக்கியைச் சங்கிலியில் சில கண்ணிகள் முன்பக்கமாக நகர்த்தி மீண்டும் தூக்கினார். இப்போது முன்பக்கம் மேலே ஏற, கியர்பாக்ஸ் வால்போல் கீழே சாய்ந்தது. அந்தச் சாய்வோடு மொத்த இயந்திரமும் மெதுவாக வெளியே வழுகி வந்தது.

தொங்கவிடப்பட்ட ஒரு பொருள், அதன் ஈர்ப்பு மையம் தொங்கும் புள்ளிக்கு நேர் கீழே வரும்வரை சாயும். இதை நான் ஒவ்வோர் ஆண்டும் அட்டைத் துண்டும் நூலும் குண்டும் வைத்துச் செய்து காட்டுகிறேன். தேர்வில் கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு எழுதுவேன். ஆனால் 200 கிலோ இரும்பு என் கண்முன் தொங்கியபோது, அதுவும் அதே அட்டைத் துண்டுதான் என்று எனக்குத் தோன்றவில்லை. சித்தப்பாவுக்கு ஈர்ப்பு மையம் என்ற சொல் தெரியாது. அந்தப் பொருள் எங்கே இருக்கிறது என்று தெரிந்திருந்தது.

அப்படியென்றால் புத்தகம் வேண்டாமா? அப்படி நான் சொல்லவில்லை. அடுத்து நடந்ததையும் கேளுங்கள்.

கியர்பாக்ஸைப் பிரித்ததும் உள்ளே கறுப்புத் தூள் படிந்திருந்தது. சித்தப்பா வழக்கம்போல் வாயால் ஊதப் போனார். நான் அவர் கையைப் பிடித்து நிறுத்தினேன். பழைய காலத்துக் கிளட்ச் உறைகளில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருந்தது. அதன் நுண்ணிய இழைகள் நுரையீரலில் தங்கிவிட்டால், பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோயை உண்டாக்கக்கூடும். கண்ணுக்குத் தெரியாத இழையை அனுபவம் காட்டிக்கொடுக்காது. நோய் வரும்போது காலம் கடந்திருக்கும். முகக்கவசமும் கையுறையும் போட்டுக்கொண்டு, ஈரத்துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டினோம். "நாப்பது வருஷமா ஊதிக்கிட்டுத்தான் இருந்தேன். ஒருத்தரும் சொல்லலையேம்மா" என்றார். அன்று பகல் முழுவதும் அவர் அதிகம் பேசவில்லை.

அந்த வார்த்தைதான் என்னை உறுத்துகிறது. ஏன் ஒருவரும் சொல்லவில்லை? படித்தவர்கள் பட்டறைப் பக்கம் வரவில்லை. பட்டறையில் இருப்பவர்களைப் படிப்பின் பக்கம் நாம் அழைக்கவில்லை. இரண்டுக்கும் நடுவே நாம் ஒரு சுவரைக் கட்டி வைத்திருக்கிறோம். "படிக்காவிட்டால் பட்டறைதான்" என்ற வாக்கியம் அந்தச் சுவரில் ஒரு செங்கல். அந்தச் சுவரால் சித்தப்பாவின் நுரையீரலுக்கும் ஆபத்து, என் பாடத்துக்கும் நட்டம்.

ஆகவே உங்களிடம் நான் கேட்டுக்கொள்வது இதுதான். தொழிற்கல்லூரிக்குப் போக விரும்பும் நண்பனை இளக்காரமாகப் பார்க்காதீர்கள். அங்கே போக விரும்புகிறவர் நீங்களே என்றால், அறிவியலைப் பள்ளியோடு விட்டுவிடாதீர்கள். உங்கள் உயிரையே அது ஒருநாள் காப்பாற்றும். மருத்துவராகவோ பொறியியலாளராகவோ ஆக விரும்புகிறவர்கள், வீட்டில் ஒரு மிதிவண்டியின் பிரேக்கையாவது கழற்றி மாட்டிப் பழகுங்கள். படித்த விதி எந்தத் திருகாணியில் ஒளிந்திருக்கிறது என்று தேடுங்கள். கார் வேலையை மட்டும் தனியாகத் தொடாதீர்கள். அனுபவமுள்ள பெரியவர் அருகில் இருக்க வேண்டும். ஜாக் மட்டும் தாங்கி நிற்கும் காருக்கு அடியில் ஒருபோதும் நுழையக் கூடாது. தூக்கிய சுமைக்குக் கீழே கையையோ காலையோ நீட்டவும் கூடாது.

பள்ளி திறந்ததும், இப்போது ஐந்தாம் படிவத்தில் இருக்கும் அந்த வகுப்பில் கியர்பாக்ஸ் முட்டிக்கொண்ட கதையைச் சொல்லி, "நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டேன். பலர் "இன்னும் பெரிய கிரேன் வேண்டும்" என்றார்கள். அந்த மாணவன் மட்டும் எழுந்து, "இறக்கிட்டுக் கொக்கிய முன்னாடி மாத்தணும் டீச்சர். அப்பதான் பின்பக்கம் சாயும்" என்றான்.

வகுப்பின் முன்னால் அவனை அவமானப்படுத்தியவள் நான். ஆகவே வகுப்பின் முன்னாலேயே அவனிடம் மன்னிப்புக் கேட்டேன்.