தேநீரும் மாதுளைச் சாறும்: காஸா ஓவியர்கள் எதைக்கொண்டு வரைகிறார்கள்?

இடிந்த சுவரில் சிறுவர்கள் படம் வரைகிறார்கள். கூடாரத்தின் வாசலில் ஒருவர் தூரிகையோடு அமர்ந்திருக்கிறார். 2023 அக்டோபருக்குப் பிறகு இத்தகைய காட்சிகள் நம் கைப்பேசிகளுக்கு வந்துகொண்டே இருக்கின்றன. ‘என்னே மன உறுதி’ என்று வியந்து நாலு பேருக்கு அனுப்பிவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுகிறோம். வியப்பதில் தவறில்லை. ஆனால் அவர் கையில் இருப்பது என்ன தாள், அந்த நிறம் எங்கிருந்து வந்தது, முப்பது வருடமாக அவர் வரைந்தவை எல்லாம் எங்கே போயின என்று கேட்டால்தான் அங்கே நடப்பது விளங்கும்.

2024இல் ஜோர்தான் தலைநகர் அம்மானிலுள்ள தாரத் அல்ஃபுனூன் கலையகத்தில் காஸாவின் நான்கு ஓவியர்களுடைய படைப்புகள் காட்சிக்கு வைக்கப்பட்டன. பாஸில் அல்மகூஸி, மாஜித் ஷாலா, ராயித் ஈஸா, ஸுஹைல் ஸாலிம் ஆகிய நால்வரும் அவற்றைப் போருக்கு நடுவில் வரைந்தவர்கள். ராயித் ஈஸா மருந்து அட்டைகளைப் பிரித்து அவற்றின் மீது வரைந்திருந்தார். வண்ணத்துக்குத் தேநீர், மாதுளைச் சாறு, கர்கதே எனப்படும் சிவப்புப் பூவின் சாறு. ஸுஹைல் ஸாலிமுக்குக் கிடைத்தது பள்ளிக்கூட நோட்டும் பால்பாயின்ட் பேனாவும்தான். பார்ப்பவர்கள் இதைப் புதுப் பாணி என்று நினைத்துவிடக் கூடாது. கடை இல்லை, கடையில் சரக்கு இல்லை, இருந்தாலும் வாங்கக் காசில்லை. இருப்பதை வைத்து வரைந்தார்கள். தேநீரில் தீட்டிய படம் வெளிச்சம் பட்டால் மங்கும்; பூச்சாறு இன்னும் சீக்கிரம் நிறம் மாறிவிடும். இதை நம்மைவிட நன்றாக அறிந்தவர்கள் அந்த ஓவியர்கள்.

கலைஞர்கள் கூடிப் பழகும் இடங்களும் போய்விட்டன. காஸா நகரில் இளம் ஓவியர்களை வளர்த்தெடுத்த ஷபாபீக், இல்திகா என்ற இரு கலைக்கூடங்களும் இந்தப் போரில் அழிந்தன. உள்ளே சேமித்து வைத்திருந்த ஓவியங்களும் சேர்ந்தே போயின. ரஷாத் ஷவா கலாச்சார மையம், தொன்மையான அல்உமரி பள்ளிவாசல் எனப் பட்டியல் நீளமானது. நூற்றுக்கும் மேற்பட்ட பண்பாட்டுத் தலங்கள் சேதமடைந்திருப்பதை யுனெஸ்கோ உறுதிசெய்துள்ளது. ஒரு ஓவியர் மறுநாளே புதிதாக ஒன்றை வரைந்துவிடலாம். ஒரு தலைமுறைக்குக் கற்றுக்கொடுத்த கூடத்தை அப்படி எழுப்பிவிட முடியாது.

பலஸ்தீனக் கலைஞர்களுக்கு இந்த நிலை புதிதல்ல. இஸ்மாயீல் ஷம்மூத் 1948 ஜூலையில் லித்தா நகரிலிருந்து பல்லாயிரம் பேரோடு துரத்தப்பட்டவர். அந்த வெயில் நடையில் அவருடைய தம்பி தாகத்தால் இறந்துபோனார். கான் யூனுஸ் அகதி முகாமில் ஷம்மூத் இனிப்பு விற்றார். பிள்ளைகளுக்குப் பாடமும் சொல்லிக்கொடுத்தார். பிறகு கெய்ரோ சென்று ஓவியம் பயின்று, 1953இல் காஸாவிலேயே கண்காட்சி வைத்தார். குழந்தைகளோடு வழி தெரியாமல் நடக்கும் முதியவரை அவர் வரைந்த ‘எங்கே?’ என்ற ஓவியம் அவ்வாண்டைச் சேர்ந்தது. தாங்கள் நடந்த நடையையே திரைச்சீலையில் பார்க்க அகதிகள் வந்தார்கள்.

பின்னர் நிறங்களுக்கே தடை வந்தது. ஸுலைமான் மன்ஸூரும் நண்பர்களும் ரமல்லாவில் 1979இல் திறந்த கலைக்கூடத்தை மறு வருடமே இஸ்ரேலிய ராணுவம் மூடியது. சிவப்பு, பச்சை, கறுப்பு, வெள்ளை நான்கும் ஒரே படத்தில் வரக் கூடாது, தர்பூசணியாக இருந்தாலும் பறிமுதல்தான் என்று ஓர் அதிகாரி எச்சரித்ததாக மன்ஸூர் பலமுறை கூறியிருக்கிறார். இன்று உலகெங்கும் ஆர்ப்பாட்டங்களில் பிடிக்கப்படும் தர்பூசணிப் படத்தின் பின்னால் அந்தச் சம்பவமும் இருக்கிறது. 1987இல் முதல் இன்திஃபாதா வெடித்தபோது மன்ஸூர், வேரா தமாரி, தய்ஸீர் பரகாத், நபீல் அனானி ஆகியோர் இஸ்ரேலிய வண்ணங்களை வாங்குவதில்லை என முடிவெடுத்தனர். களிமண், மரம், தோல், மருதாணி என்று தம் மண்ணிலிருந்தே பொருள்களை எடுத்துக்கொண்டனர். அது அவர்கள் தாமே தேர்ந்துகொண்ட புறக்கணிப்பு. காஸா ஓவியருக்கு மருந்து அட்டையைத் தவிர வேறெதையும் தேர்ந்தெடுக்க வழியில்லை. இரண்டையும் ஒரே மூச்சில் ‘எதிர்ப்புக் கலை’ என்று புகழும்போது இந்த வித்தியாசம் மறைந்துவிடுகிறது.

காஸாவில் மைஸரா பாரூத் என்ற ஓவியரின் வீடும் பணிக்கூடமும் அழிக்கப்பட்டன. இடம் மாறி இடம் மாறி அலைந்த அந்த நாள்களில் அவர் கறுப்பு மையில் நாள்தோறும் ஒரு படம் வரைந்து இணையத்தில் வெளியிட்டார். அந்தத் தொடருக்கு ‘இன்னும் உயிரோடிருக்கிறேன்’ என்று பெயர். நண்பர்களுக்கு அது நிஜமாகவே நலம் சொல்லும் செய்தி. படம் வராத நாளில் அவர்கள் என்ன பாடுபட்டிருப்பார்கள்! இசை ஆசிரியர் அஹ்மத் அபூஅம்ஷா கூடாரங்களில் பிள்ளைகளுக்குப் பாடக் கற்றுக்கொடுத்தவர். தலைக்கு மேல் ஓயாமல் இரையும் ட்ரோனின் ஒலியையே சுருதியாக வைத்துக்கொண்டு அவர்கள் பாடினார்கள். அச்சத்தைத் தரும் சத்தம் பிள்ளைகளுக்குக் கொஞ்ச நேரமாவது வேறொன்றாகக் கேட்டது.

எல்லாருக்கும் அந்த அவகாசம் கிடைக்கவில்லை. ஓவியர் ஹிபா ஸகூத் 2023 அக்டோபர் 13 அன்று தம் பிள்ளைகள் இருவரோடு கொல்லப்பட்டார். ஒரு வாரம் கழித்துக் கவிஞர் ஹிபா அபூநதா. டிசம்பர் 6 அன்று பேராசிரியரும் கவிஞருமான ரிஃப்அத் அல்அரஈர். கலைஞர்களைக் குறிவைப்பதற்கும் நீண்ட வரலாறு உண்டு. எழுத்தாளர் கஸ்ஸான் கனஃபானி 1972இல் பெய்ரூத்தில் கார் குண்டுக்குப் பலியானார். அவர் கண்டெடுத்த கேலிச்சித்திரக்காரர் நாஜி அல்அலி 1987இல் லண்டன் தெருவில் சுடப்பட்டு இறந்தார். சுட்டவர் யார் என்பது இன்றுவரை நிரூபிக்கப்படவில்லை. நாஜி வரைந்த ஹன்தலா, முதுகைக் காட்டி நிற்கும் அந்தப் பத்து வயது அகதிச் சிறுவன், இன்றைக்குச் சென்னையிலும் கொழும்பிலும் பதாகைகளில் நிற்கிறான். கவிதைகளும் நம்மிடம் வந்து சேர்ந்தன. எம்.ஏ. நுஃமான் மொழிபெயர்த்த பலஸ்தீனக் கவிதைகளைப் படித்து வளர்ந்த தமிழ் வாசகர்கள் பலர். ஓவியத்துக்கு அந்த வசதி இல்லை. கவிதையை மனப்பாடமாகவும் எல்லை கடத்தலாம். திரைச்சீலை எரிந்தால் எரிந்ததுதான்.

ஆகவே எஞ்சியவற்றைப் படமெடுத்துப் பதிவுசெய்வது, வெளியே வந்து சேர்ந்தவற்றை மங்காமல் காப்பது, ஓவியருக்குரிய விலையைக் கொடுத்து வாங்குவது, சிகிச்சைக்கும் படிப்புக்கும் எல்லையைத் திறக்கச் சொல்வது ஆகியவைதாம் இப்போது அவசரம். கைதட்டலை வைத்துக்கொண்டு அவர் வண்ணம் வாங்க முடியாது.

ஜபாலியா முகாமில் வாழ்ந்த ஃபத்ஹி கபன் யாரிடமும் பயிலாமல் தாமே வரையக் கற்றவர். ஓவியத்தில் கொடியின் நிறங்களைப் பயன்படுத்தியதற்காக 1984இல் ஆறு மாதச் சிறைத்தண்டனை பெற்றார். விடுதலைக்குப் பிறகும் அதே நிறங்களில்தான் வரைந்தார். போர் தொடங்கியபின் நுரையீரல் நோய் முற்றியது. வெளிநாட்டில் சிகிச்சை பெற அனுமதி கேட்டார்கள். மூச்சுவிட முடியாமல் அவர் திணறும் காணொளி பலரையும் எட்டியது. அனுமதி வரவில்லை. 2024 பிப்ரவரி 25 அன்று காஸாவிலேயே இறந்தார். வயது 77.