பெட்டியை ஒளிக்கலாம்; பெயரை ஒளிக்கலாமா?

இங்கிலாந்து நாட்டில் வெதர்பி என்று ஒரு சிறிய ஊர். 2011-ம் ஆண்டு ஜூலை 1-ந் தேதி அந்த ஊர்க் கடைத்தெருவில் ஒரே பரபரப்பு!

ஓட்டல் அருகே ஒரு ஆசாமி சிறு பெட்டி ஒன்றை வைத்துக்கொண்டு ஏதோ செய்துவிட்டு நகர்ந்தார். பார்த்தவர்களுக்குச் சந்தேகம் தட்டியது. போலீசுக்குத் தகவல் பறந்தது. கடைகளில் இருந்தவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். ராணுவ வெடிகுண்டு நிபுணர்கள் வந்து பெட்டியைத் தகர்த்தார்கள்.

அது குண்டு அல்ல. விளையாட்டுப் பெட்டி!

போலீசாரைக் குறை சொல்ல முடியாது. 2005-ம் ஆண்டு ஜூலை 7-ந் தேதி லண்டனில் சுரங்க ரெயில்களிலும் பஸ்சிலும் குண்டு வெடித்து 52 பேர் மாண்ட நாடு அது. பத்தடி தள்ளி நின்று பார்ப்பவனுக்குக் குண்டு எது, பொம்மை எது என்று எப்படித் தெரியும்?

என்ன விளையாட்டு?

இதற்கு ஜியோகேச்சிங் என்று பெயர். ஒருவர் பெட்டியை ஒளித்து வைப்பார். அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை இணையத்தில் போடுவார். மற்றவர்கள் ஜி.பி.எஸ். கருவியோடு தேடிப் போவார்கள். கண்டுபிடித்தவர் உள்ளே இருக்கும் தாளில் பெயர் எழுதிவிட்டு, பெட்டியை இருந்த இடத்திலேயே வைத்துவிட வேண்டும். உலகெங்கும் இப்படி லட்சக்கணக்கான பெட்டிகள் இருக்கின்றன. பல ஊர்களில் இதற்கென்று சங்கங்களும் உண்டு.

2000-ம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் அமெரிக்க அரசு, ஜி.பி.எஸ். சைகையில் வேண்டுமென்றே வைத்திருந்த பிழையை நீக்கியது. மறுநாளே டேவ் உல்மர் என்ற கம்ப்யூட்டர் நிபுணர், ஆரிகன் மாநிலத்தில் பீவர்கிரீக் அருகே ஒரு கறுப்பு வாளியை ஒளித்து வைத்தார். உள்ளே புத்தகம், உண்டிவில், பீன்ஸ் டப்பா!

பெயர் மாறியது ஏன்?

ஆரம்பத்தில் இதை "ஸ்டாஷ்" வேட்டை என்றார்கள். ஒளித்து வைத்த பொருள் என்று அர்த்தம். ஆனால் அமெரிக்கத் தெருப் பேச்சில், பதுக்கி வைத்த போதைப்பொருளுக்கும் அதே சொல்தான். "ஸ்டாஷ் தேடுகிறேன் சார்" என்று போலீஸ்காரரிடம் சொன்னால் கதை கந்தல்தான்!

அதே மே மாதம் 30-ந் தேதி மாட் ஸ்டம் என்பவர் "ஜியோகேச்சிங்" என்ற பெயரைச் சொன்னார். "ஜியோ" என்றால் பூமி. "கேச்" என்பது பொருளை மறைத்து வைக்கும் இடத்தைக் குறிக்கும் பிரெஞ்சு வழிச் சொல். செப்டம்பர் 2-ந் தேதி ஜெரிமி ஐரிஷ் அதே பெயரில் இணையதளம் தொடங்கினார். அப்போது உலகம் முழுக்க இருந்தது 75 பெட்டிகள்தான்.

விளையாட்டு பிறந்து ஒரு மாதம் முடிவதற்குள் பெயரை மாற்ற யோசித்தார்கள். அக்கம்பக்கத்தார் என்ன நினைப்பார்கள் என்ற கவலைதான் காரணம். அந்தக் கவலை இன்று ஒவ்வொரு ஊர்ச் சங்கத்துக்கும் வேண்டும்.

எந்த போர்ட்லாந்து?

சிலர் சங்கத்துக்குப் புரியாத பெயர் வைக்கிறார்கள். தங்களுக்குள் சிரித்துக்கொள்ள அது நன்றாக இருக்கும். கடைக்காரருக்கு என்ன புரியும்? ஊர்ப் பெயரும் விளையாட்டின் பெயரும் சங்கத்தின் பெயரில் இருக்க வேண்டும்.

அதிலும் கவனம் தேவை. முதல் வாளி வைத்த இடத்துக்கு அருகே உள்ள பெருநகரம் போர்ட்லாந்து. அமெரிக்காவின் மறுகோடியில் மெயின் மாநிலத்திலும் ஒரு போர்ட்லாந்து உண்டு. 1845-ம் ஆண்டு, பாஸ்டனா போர்ட்லாந்தா என்று இரண்டு பேர் காசு சுண்டிப் பார்த்துத்தான் ஆரிகன் ஊருக்கு இந்தப் பெயரே வந்தது! வெறும் "போர்ட்லாந்து சங்கம்" என்று இணையத்தில் பெயர் வைத்தால் எந்த ஊர் என்று யார் கண்டது? மாநிலத்தின் பெயரும் சேரட்டும்.

சாவி யாரிடம்?

பெட்டி மேல் பெயர் எழுதிவிட்டால் போதுமா? போதாது. குண்டு வைப்பவனும் பெயர் எழுதுவானே! அந்தப் பெயரைத் தேடினால் ஆள் கிடைக்க வேண்டும். "ஆமாம் சார், எங்கள் பெட்டிதான். கடைக்காரரிடம் அனுமதி வாங்கித்தான் வைத்தோம்" என்று பதில் சொல்ல ஒருவர் வேண்டும்.

இங்கேதான் சங்கங்கள் கோட்டை விடுகின்றன. இணைய முகவரியை உற்சாகமான ஒரு இளைஞர் தன் சொந்தப் பெயரில் பதிவு செய்வார். அவர் வேலை கிடைத்து வெளியூர் போய்விடுவார். சாவியும் அவரோடு போய்விடும். இணைய முகவரி வாடகை வீடு மாதிரி. கெடு முடிந்தும் பணம் கட்டாவிட்டால், சில வாரங்களில் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். பெட்டி மேல் உங்கள் முகவரி இருக்கும். திறந்து பார்த்தால் உள்ளே சூதாட்ட விளம்பரம் இருக்கும்!

ஆகவே முகவரி சங்கத்தின் பெயரில் இருக்க வேண்டும். சாவி குறைந்தது இரண்டு பேரிடம் இருக்க வேண்டும். பணம் கட்டும் தேதி கணக்குப் புத்தகத்தில் ஏற வேண்டும்.

ஆடுகிறவர்கள் புனைபெயர் வைத்துக்கொள்ளட்டும். அது விளையாட்டின் ருசி. ஆனால் சங்கம் முகமூடி போடக்கூடாது. தெரு எல்லோருக்கும் சொந்தம். அங்கே ஒரு பொருளை வைப்பவர், "யாருய்யா வைத்தது?" என்று கேட்டால் "நான்தான்" என்று சொல்லக் கடமைப்பட்டவர்.

பெட்டி ஒளிந்திருக்கட்டும், பெயர் வெளியே தெரியட்டும்!