250 குஞ்சுக்கு மானியம் கிடைக்கும். அடுத்த 250 எங்கிருந்து வரும்?

கிராமங்களில் நாட்டுக்கோழிப் பண்ணை வைக்க 50 சதவீத மானியம் தரும் திட்டத்தைத் தமிழ்நாடு கால்நடை பராமரிப்புத் துறை சில ஆண்டுகளாக நடத்தி வருகிறது. ஓர் அலகுக்கு 250 கோழிகள். கொட்டகை, தீவனத் தட்டு, தண்ணீர்த் தட்டு, 4 மாதத் தீவனம் ஆகியவற்றின் செலவில் பாதி, அதாவது ரூ.1,56,875 வரை அரசு தருகிறது. 4 வார வயதுக் குஞ்சுகள் ஓசூர் மாவட்டக் கால்நடைப் பண்ணையிலிருந்து வருகின்றன. பயனாளியிடம் குறைந்தது 625 சதுர அடி நிலம் இருக்க வேண்டும். பண்ணையை 3 ஆண்டுகளுக்குக் குறையாமல் நடத்துவதாக உறுதியும் தர வேண்டும்.

இந்தக் கடைசி நிபந்தனையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். குஞ்சு வருவது ஒரு முறை, பண்ணை நடக்க வேண்டியதோ மூன்று ஆண்டு. நாட்டுக்கோழி விற்பனைக்கு வர நான்கைந்து மாதம் ஆகும். முதல் 250-ஐ விற்று முடித்த பிறகு கொட்டகையில் என்ன இருக்கும்? உத்திரமேரூர் வட்டாரத்தில் பலர் இந்த இடத்தில் இரண்டு வழிகளில் ஒன்றைத் தேடுகிறார்கள். வெளியில் குஞ்சு வாங்குவது ஒன்று. தெர்மாகோல் பெட்டியில் இன்குபேட்டர் செய்து சொந்தமாகப் பொரிப்பது மற்றொன்று. இரண்டாவது வழிதான் சரி என்பது என் கருத்து. ஆனால் இப்போது அதைச் செய்கிற முறையில் பாதிப் பேருக்கு நஷ்டம்தான் வரும்.

முதல் வழியில் என்ன சிக்கல்? 2019-ல் நடந்த 20-வது கால்நடைக் கணக்கெடுப்பில், நாட்டில் புறக்கடைக் கோழிகளின் எண்ணிக்கை முந்தைய கணக்கெடுப்பைவிட ஏறத்தாழ 46 சதவீதம் கூடி 31 கோடியைத் தாண்டியது. தேவை இப்படி ஏறும்போது, "நாட்டுக்கோழிக் குஞ்சு" என்ற பெயரில் எது வேண்டுமானாலும் விற்பனைக்கு வரும். ஒரு நாள் வயதுக் குஞ்சைப் பார்த்து அது சிறுவிடையா, பெருவிடையா, கலப்பினமா என்று சொல்லவே முடியாது. மூன்று மாதம் தீவனம் போட்ட பிறகுதான் தெரியும். கலப்பினம் கெட்டது என்று நான் சொல்லவில்லை. வனராஜா, கிராமப்பிரியா போன்றவை புறக்கடை வளர்ப்புக்கென்றே ஐதராபாத்தில் உருவாக்கப்பட்டவை, முட்டையும் எடையும் நன்றாகத் தரும். ஆனால் கலப்பினத்தை நாட்டுக்கோழி விலைக்கு வாங்குவது நஷ்டம். அதன் குஞ்சுகளை மீண்டும் தாய்க்கோழியாக வைத்துப் பெருக்கினால், அடுத்த தலைமுறையில் அந்தத் திறனும் சிதறிப்போகும்.

ஆகவே சொந்தமாகப் பொரிக்கலாம். ஆனால் முதலில் பெட்டியைப் பற்றிப் பேசாதீர்கள், சேவலைப் பற்றிப் பேசுங்கள். மோசமான கோழியின் முட்டையை வைத்தால், எவ்வளவு நல்ல பெட்டியும் மோசமான குஞ்சைத்தான் பொரித்துத் தரும்.

திட்டத்தில் வந்த 250-ல் சுமார் பாதி பெட்டையாக இருக்கும். எட்டாவது வாரத்தில் எல்லாவற்றையும் எடை போடுங்கள். அதில் முன்னணியில் இருப்பவை, கால் விரல் நேராக இருப்பவை, ஒரு முறைகூட நோயில் விழாதவை என்று 30 பெட்டைகளை ஒதுக்கி, காலில் வளையம் போட்டுவிடுங்கள். வியாபாரி வந்து முதலில் கேட்பது இவற்றைத்தான். பெரிய கோழியை விற்றுவிட்டு, மீந்து நின்ற சின்னக் கோழியைத் தாயாக வைக்கும் பழக்கம்தான் நம் ஊர்க் கோழிகளை ஆண்டுக்காண்டு சிறுக்க வைக்கிறது.

சேவலை மட்டும் அதே கூட்டத்திலிருந்து எடுக்காதீர்கள். ஒரே பண்ணையிலிருந்து ஒன்றாக வந்த குஞ்சுகளில் உடன்பிறப்புகள் நிறைய இருக்கும். எட்டு முதல் பத்து பெட்டைக்கு ஒரு சேவல் என்று நான்கு சேவல்களை வேறு ஊரிலிருந்து கொண்டு வாருங்கள். சாலவாக்கத்தில் ஒருவரும் மானாம்பதியில் ஒருவரும் பண்ணை வைத்திருந்தால், ஆண்டுக்கு ஒரு முறை சேவலை மாற்றிக்கொண்டாலே போதும், காசு செலவில்லை. புதுச் சேவலை உள்ளே விடும் முன் இரண்டு வாரமாவது தனியே கட்டி வைத்துப் பாருங்கள். இன்னொரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. பழைய சேவலின் விந்து பெட்டையின் உடலில் இரண்டு வாரம் வரை உயிரோடு இருக்கும். சேவலை மாற்றி மூன்று வாரம் கழித்து எடுக்கும் முட்டையே புதுச் சேவலின் முட்டை. அதுவரை வருபவற்றைச் சாப்பாட்டுக்கு விற்றுவிடலாம்.

கணக்கு பார்ப்போம். நாட்டுப் பெட்டை ஆண்டுக்கு 60 முதல் 80 முட்டை இடும். சராசரி 70 என்று வைத்தால் 30 பெட்டைக்கு 2,100 முட்டை. மிகச் சிறியது, மிகப் பெரியது, விரிசல் விட்டது, அழுக்கானது என மூன்றில் ஒரு பங்கைக் கழித்தால் 1,400. நூற்றுக்கு 70 பொரிந்தால் 980 குஞ்சு. அதாவது 30 பெட்டைகள் 250 குஞ்சு வீதம் ஆண்டுக்கு மூன்று கொட்டகையையும் அதற்கு மேலும் நிரப்பும். இதற்கு ஆயிரம் முட்டை இயந்திரம் தேவையில்லை. வாரத்துக்கு 30, 40 முட்டைதான் அடைக்கு வரும்.

வீட்டில் செய்யும் பெட்டி எளிமையானது. மீன் வரும் தெர்மாகோல் பெட்டி அல்லது பழைய குளிர்சாதனப் பெட்டியின் கூடு, இரண்டு குண்டு பல்பு, கணினியில் இருக்கும் சின்ன மின்விசிறி, வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட், ஈரப்பதமானி, தண்ணீர்க் கிண்ணம், காற்றுப் போக துளைகள். எல்இடி பல்பு சூடு தராது, அதைப் போடாதீர்கள். ஒரு பல்பு பியூஸ் போனால் மற்றது எரியும்படி இணையுங்கள். பல்பு தெர்மாகோலைத் தொட்டால் தீப்பிடிக்கும், நடுவில் தகரம் கட்டாயம்.

தெர்மோஸ்டாட்டில் தெரியும் எண்ணை அப்படியே நம்பாதீர்கள், விலை குறைந்தவற்றில் ஒன்றிரண்டு டிகிரி வித்தியாசம் சாதாரணம். காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரை முட்டை மட்டத்தில் வைத்துச் சரிபாருங்கள். விசிறி உள்ள பெட்டியில் 99.5 முதல் 100 டிகிரி பாரன்ஹீட் இருக்க வேண்டும். விசிறி இல்லாத பெட்டியில் முட்டையின் மேல்மட்டத்தில் 101 முதல் 102. முட்டை வைக்கும் முன் ஒரு நாள் முழுவதும் வெறும் பெட்டியை ஓட்டிப் பாருங்கள். மின்தடையை நினைத்துப் பயப்படுகிறவர்கள் பலர், ஆனால் அதைவிட அதிகச் சூட்டுக்குத்தான் பயப்பட வேண்டும். 95 டிகிரிக்கு இறங்கி மூன்று நான்கு மணி நேரம் இருந்தால் கருவின் வளர்ச்சி சற்றுத் தாமதமாகும், அவ்வளவுதான். 105-க்கு ஏறினால் கால் மணி நேரத்திலேயே பெரும் சேதம். கரண்ட் போனால் பெட்டியைத் திறக்காமல், காற்றுத் துளையை விட்டுவிட்டு மேலே சாக்கு போர்த்துங்கள்.

முதல் 18 நாள் ஈரப்பதம் 55 முதல் 60 சதவீதம், கடைசி 3 நாள் 65 முதல் 70. தேவை வேறு வேறாக இருப்பதால், வாரந்தோறும் முட்டை வைப்பவர்கள் கடைசி 3 நாளுக்கென்று இன்னொரு சிறு பெட்டி வைப்பது நல்லது. 18-ம் நாள் வரை தினமும் 3 அல்லது 5 முறை திருப்ப வேண்டும். ஒற்றைப்படையில் திருப்பினால்தான் நீண்ட இரவு நேரத்தில் முட்டை தினம் ஒரே பக்கமாகக் கிடக்காது. 18-க்குப் பிறகு தொடவே கூடாது.

நம் மாவட்டத்தில் பொரிப்புக் குறைய நான் காணும் பெரிய காரணம் பெட்டிக்கு வெளியே இருக்கிறது. 24 டிகிரி செல்சியசுக்கு மேல் வெப்பம் இருந்தால் முட்டைக்குள் கரு தானாகவே வளரத் தொடங்கிவிடும். சித்திரை வைகாசியில் ஓட்டு வீட்டுக்குள்ளேயே எவ்வளவு சூடு என்பது உங்களுக்குத் தெரியும். அந்த வெப்பத்தில் கரு அரைகுறையாக வளர்ந்து, இரவில் நின்று, பகலில் மீண்டும் வளர்ந்து, அடைக்கு வைப்பதற்குள் செத்துப்போகும். வெயில் காலத்தில் மூன்று நாளைக்கு மேல் சேர்த்து வைக்காதீர்கள், மற்ற காலத்தில் ஏழு நாள் வரை வைக்கலாம். மண்பானையை ஈர மணலில் புதைத்து, உள்ளே கூர்முனை கீழே இருக்கும்படி அடுக்குங்கள். முட்டையில் ஈரம் படக் கூடாது, கழுவவும் கூடாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் இதற்கு நேர்மாறு. காற்றிலேயே ஈரம் நிறைந்திருப்பதால் தண்ணீர்க் கிண்ணத்தைச் சிறிதாக்க வேண்டியிருக்கும்.

ஏழாம் நாள் இருட்டில் டார்ச் வைத்துப் பாருங்கள். எங்கே தவறு என்பதை முட்டையே சொல்லும். தெளிவாக, ஒன்றுமே இல்லாமல் இருந்தால் கரு கூடாத கூமுட்டை. நூற்றுக்கு இருபதுக்கு மேல் இப்படி இருந்தால் சேவலைக் கவனியுங்கள். வயதானதா, சண்டையில் ஒதுங்கியதா, பெட்டை அதிகமா என்று பாருங்கள். சிவப்பு வளையம் தெரிந்தால் கரு கூடி, பிறகு செத்திருக்கிறது. அது பெரும்பாலும் சேமிப்பிலும் வெப்பத்திலும் வந்த கோளாறு. குஞ்சு முழுதாக வளர்ந்து ஓட்டுக்குள்ளேயே செத்திருந்தால், திருப்புவதிலோ ஈரத்திலோ காற்றோட்டத்திலோ குறை. 19-ம் நாளே பொரியத் தொடங்கினால் வெப்பம் அதிகம். 22-ம் நாள் வரை இழுத்தால் வெப்பம் குறைவு, அல்லது முட்டை பழையது.

குஞ்சு வந்த பிறகு முதல் வாரம் 95 டிகிரி பாரன்ஹீட், பிறகு வாரத்துக்கு 5 டிகிரி குறைக்கலாம். குஞ்சுகள் பல்பின் அடியில் நெருக்கிக் கிடந்தால் குளிர்கிறது, விலகி ஓரத்தில் நின்றால் சூடு அதிகம். 7-ம் நாள் வெள்ளைக்கழிச்சலுக்கு எப்/லசோட்டா சொட்டு மருந்தும், 8 வாரத்துக்குப் பிறகு தடுப்பூசியும் தவறக் கூடாது. ஆண்டுதோறும் பிப்ரவரியில் கால்நடைத் துறையின் இருவார முகாமில் இலவசமாகவே போடுகிறார்கள். அப்போது தாய்க்கோழிகளையும் கொண்டுபோங்கள். தாய்க்கு எதிர்ப்புச் சக்தி இருந்தால், முட்டை வழியாகக் குஞ்சுக்கும் முதல் சில நாள்களுக்குப் பாதுகாப்பு கிடைக்கும். ஒன்றைப் பிரித்தறிய வேண்டும். பொரித்த சில நாள்களிலேயே வெள்ளையாகக் கழிந்து குஞ்சுகள் சாகின்றன என்றால், அது தாயிடமிருந்து முட்டை வழியே வரும் சால்மோனெல்லா கிருமியாகவும் இருக்கலாம். செத்த குஞ்சை உடனே கால்நடை மருந்தகத்தில் காட்டுங்கள். அந்தத் தாய்க்கோழிகளின் முட்டையை அதுவரை பெட்டியில் வைக்காதீர்கள், ஒரு பெட்டியிலிருந்து எல்லாக் குஞ்சுக்கும் பரவிவிடும்.

எந்த மாதம் பொரிப்பது என்பதிலும் காசு இருக்கிறது. சித்திரையில் பொரித்த குஞ்சு புரட்டாசியில் விற்பனைக்கு நிற்கும். நம் பக்கம் பாதி வீடுகளில் அந்த மாதம் கறி இல்லை. மாசியில் பொரித்தது ஆடியில் குலதெய்வக் கோயில் கூழுக்கும் படையலுக்கும் சரியான எடையில் வந்து நிற்கும். மாசியில் குஞ்சு வேண்டுமென்றால் தை மாதம் முட்டை பெட்டிக்குள் போக வேண்டும். புதுச் சேவல் தனிக்கட்டு இரண்டு வாரம், விட்ட பிறகு மூன்று வாரம் என்று கணக்கிட்டால், கார்த்திகைக் கடைசியிலேயே சேவல் உங்கள் வீட்டுக்கு வந்திருக்க வேண்டும்.