பெரிய இடத்து வழக்கு

காஞ்சிபுரம் சங்கரராமன் கொலை வழக்கை நம்மூர்க்காரர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 2004 செப்டம்பர் 3-ஆம் தேதி கோவில் அலுவலகத்திலேயே வெட்டிக் கொன்றார்கள். தமிழ்நாட்டில் விசாரணை நியாயமாக நடக்காதென்று 2005-இல் சுப்ரீம் கோர்ட் வழக்கைப் புதுச்சேரிக்கு மாற்றியது. சரி, பிறகு? அரசு வக்கீலை நியமிக்க வேண்டியது எந்த அரசு என்று ஒரு சண்டை. அது தீர 2008 ஆனது. ஒரு பக்கக் கடிதத்தில் முடிய வேண்டிய காரியம், குமாஸ்தா சொல்கிறேன்!

சாட்சி விசாரணை தொடங்கினால் தினந்தோறும் நடத்து என்றது 2024 வரை அமலில் இருந்த குற்றவியல் நடைமுறைச் சட்டம், 309-ஆம் பிரிவு. தீர்ப்பு வந்ததோ 2013 நவம்பர் 27-இல். பிறழ் சாட்சிகள் 80-க்கு மேல். எல்லோரும் விடுதலை.

தீர்ப்பைக் குறை சொல்ல வரவில்லை. நிரபராதிகள் என்றால் அவர்களை ஒன்பது வருஷம் ஏன் இழுத்தடித்தீர்கள்?

அவசரமும் ஆபத்துதான். பள்ளியில் ட்ரேஃபுஸ் கதையைப் பிரெஞ்சிலேயே படித்தவன் நான். 1894-இல் அவசரமாகத் தண்டித்த அந்த ராணுவ அதிகாரியை 1906-இல்தான் நிரபராதி என்றார்கள். ஆனால் பெரிய இடத்து வழக்கென்றால் பொறுமை வேண்டும் என்கிறார்களே, அதைத்தான் ஏற்க மாட்டேன். சாட்சி சொல்பவன் சாதாரண ஆள். இடையில் 2006-இலும் 2011-இலும் ஆட்சி மாறியது. அத்தனை வருஷம் அவன் யாரை நம்பி வாய் திறப்பான்?

சங்கரராமனைக் கொன்றது யார் என்பதற்கு அந்தத் தீர்ப்பில் பதில் இல்லை.