ஈறுகளின் ‘இயற்கை வரலாறு’

“வயசாச்சுல்ல, ஈறு தேயத்தான் செய்யும்.” நம்மூரில் இதைவிட மலிவாகக் கிடைக்கிற மருத்துவ ஆலோசனை வேறு கிடையாது. பக்கத்து வீட்டு அக்கா சொல்வார், மருந்துக்கடை அண்ணன் சொல்வார், சில சமயம் வெள்ளைக் கோட்டு போட்டவரே சொல்வார். இந்த ஒரு வாக்கியத்தோடுதான் எனக்குச் சண்டை. வயது ஈறைத் தின்பதில்லை. பல்லிடுக்கில் படியும் காரையும் அதில் குடியிருக்கும் கிருமியும் தின்கின்றன. புகையிலை கூடச் சேர்ந்து தின்கிறது. பிறவியிலேயே ஈறு மெல்லிசாக அமைந்தவர்களுக்குப் பிரஷ்ஷே தின்றுவிடுகிறது. வயது செய்வதெல்லாம் இவற்றுக்கு அவகாசம் கொடுப்பது மட்டும்தான்.

இறங்கிய ஈறு தானாக ஏறாது. நல்லெண்ணெயைக் கொப்பளித்தாலும் சரி, ரீல்ஸில் வருகிறவர் சொல்கிறபடி கிராம்பை அரைத்துப் பூசினாலும் சரி, ஏறாது. ஏற்றுவதற்குக் கத்தி வேண்டும். 1960களில் மேலண்ணத்தின் மேல்தோலோடு சேர்த்து ஒரு துண்டை எடுத்து ஈறில் ஒட்டினார்கள். பிழைத்துக்கொள்ளும், ஆனால் பஞ்சர் ஒட்டிய டயர் மாதிரி நிறம் தனியாகத் தெரியும். பிறகு லாங்கர், லாங்கர் என்ற இருவர் வேறொரு முறையை விவரித்தார்கள். அண்ணத்தின் மேல்தோலை மூடிபோலத் திறந்து, அடியிலிருக்கும் இணைப்புத் திசுவை மட்டும் எடுத்து, வெளியே தெரியும் வேரின்மேல் வைத்து, ஈறை இழுத்து அதன்மேல் மூடித் தைப்பது. இன்றும் வேரை மூடுவதற்கு மற்ற முறைகளை இதோடுதான் ஒப்பிடுகிறார்கள். அந்தக் கட்டுரை வந்தது 1985இல். ஆண்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1965இல் ஹாரல்ட் லோ என்ற நார்வேக்காரர் டென்மார்க்கில் ஒரு சோதனை செய்தார். 12 பேரைப் பல் துலக்காமல் இருக்கச் சொன்னார். பெரும்பாலும் பல் மருத்துவ மாணவர்கள். மூன்று வாரத்துக்குள் அத்தனை பேருக்கும் ஈறு வீங்கியது. பிரஷ்ஷைத் திருப்பிக் கொடுத்தார், சில நாட்களில் சரியாகிவிட்டது. அழகான சோதனை, குறை சொல்ல ஒன்றுமில்லை.

1970இல் அவருடைய குழு இலங்கை மலையகத்துக்கு வந்தது. தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்த 480 தமிழ் ஆண்களின் வாய்களை அளந்தது. வயது 14 முதல் 31 வரை. ஏன் இவர்கள்? பல் மருத்துவர் கை படாத, பிரஷ் பழக்கமே இல்லாத வாய்கள் தேவைப்பட்டன. ஒப்பிட்டுப் பார்க்க ஒஸ்லோவின் மாணவர்களும் கல்வியாளர்களும் இருந்தார்கள். பதினைந்து ஆண்டுகள் திரும்பத் திரும்ப வந்து அளந்தார்கள். கடைசி அளவெடுப்பில் 161 பேர் மிஞ்சியிருந்தார்கள். 8 சதவீதத்தினருக்கு நோய் வேகமாகப் பரவியது, 81 சதவீதத்தினருக்கு மிதமாக, 11 சதவீதத்தினருக்கு ஈறு வீக்கத்தைத் தாண்டவில்லை. அந்தக் கடைசி அளவெடுப்பு நடந்ததும் 1985இல்தான்.

ஆய்வுத் தொடருக்கு அவர்கள் வைத்த பெயர்: மனிதரில் ஈறு நோயின் இயற்கை வரலாறு.

எது இயற்கை? 1948 சட்டம் நாடற்றவர்களாக்கிய சமூகம் அது. லயத்தில் பிறந்து, கொழுந்து நிறுத்து வாங்கும் தராசுக்கும் லயத்துக்கும் நடுவில் வாழ்ந்தவர்கள். அந்த வாய்களுக்கு ஒரு பிரஷ்கூட வந்து சேராமல் போனதன் பெயர் இயற்கை என்றால், பஞ்சத்துக்கும் அதே பெயரை வைத்துவிடலாம். லோவை வில்லனாக்குவது என் நோக்கமில்லை. சொல்லப்போனால், வயதுக் கதையை உடைத்ததே அவருடைய கணக்குதான். அதே தோட்டம், அதே கவனிப்பின்மை, அதே பதினைந்து ஆண்டுகள், 11 சதவீதத்தினருக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லையே! வயதுதான் காரணமென்றால் அவர்களுக்கு மட்டும் எப்படி வயதாகாமல் போனது?

பருத்திப்பட்டில் பல் மருத்துவத்துக்குப் பஞ்சமில்லை. பூந்தமல்லி பக்கம் போனால் வேலப்பன்சாவடியிலேயே ஒரு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. முகாம்களும் நடக்கும். ஒரு முகாமில் டார்ச் அடித்துப் பார்த்த மாணவியிடம் 8-81-11 பற்றிக் கேட்டேன். சட்டென்று சொன்னாள், மனப்பாடம். அவங்கல்லாம் யாரு தெரியுமா என்றேன். “ஸ்ரீலங்கன் டீ லேபரர்ஸ்.” தமிழ் ஆளுங்கம்மா என்றேன். “அப்படியாண்ணா? புக்ல அது இல்லையே.”

1992இல் அதே குழு ஈறு இறக்கத்தைப் பற்றித் தனியாக எழுதியது. எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுவது இந்தக் கட்டுரைதான். ஒஸ்லோக்காரர்களில் 60 சதவீதத்துக்கு மேல் 20 வயதிலேயே ஈறு இறங்கியிருந்தது, ஆனால் பல்லின் வெளிப்பக்கம் மட்டும். தோட்டத்தில் 20 வயதுக்கு முன் 30 சதவீதத்துக்கு மேல், 30 வயதில் 90, 40 வயதில் நூற்றுக்கு நூறு. அதுவும் வெளிப்பக்கம், உள்பக்கம், பல்லிடுக்கு என்று எல்லாப் பக்கமும்.

இந்தப் ‘பல்லிடுக்கு’ என்ற ஒற்றைச் சொல்லில்தான் மொத்த அறுவை சிகிச்சையும் அடங்கியிருக்கிறது. ஒட்டுத் திசு உயிரோடிருக்கப் பக்கத்திலிருந்து ரத்தம் வர வேண்டும். வேருக்கு ரத்தம் கிடையாது. பற்களுக்கு நடுவில் எலும்பும் ஈறும் நின்றால்தான் ஒட்டு வேரை முழுதாக மூடும். இதை வகைப்படுத்தி மில்லர் எழுதியதும், பாருங்கள், 1985இல்தான். முதல் இரண்டு வகைக்கு முழுதாக மூடலாம், மூன்றாவதற்குக் கொஞ்சம், நான்காவதற்கு வாய்ப்பில்லை. வெளிப்பக்கம் மட்டும் இறங்கிய ஒஸ்லோ வாய்க்கு இந்த சிகிச்சை பொருந்தும். தோட்டத்து வாய் வந்து சேர்வதற்குள் கதவு சாத்தியிருக்கும்.

என் வீட்டிலேயே இரண்டும் உண்டு. எனக்கு மெல்லிய ஈறு, கீழ்க் கோரைப்பல்லில் வெளிப்பக்கம் மூன்று மில்லிமீட்டர் இறங்கியிருந்தது. ஒட்டு வைத்தார்கள். அண்ணம் பத்து நாள் எரிந்தது, இட்லியைக்கூடப் பயந்து பயந்துதான் தின்றேன், வேர் மூடிவிட்டது. அம்பத்தூர் எஸ்டேட்டில் எக்ஸ்போர்ட் கம்பெனியில் தைத்துக்கொண்டிருந்த அம்மாவுக்கு ரத்தம் கசிய ஆரம்பித்தபோது வயது 41. “வயசானா அப்படித்தாம்மா, ஆடுற பல்லை எடுத்துடலாம்” என்றது ஒரு கிளினிக். அன்றைக்கு ஆழச் சுத்தம் செய்திருந்தால் இடுக்கு எலும்பு நின்றிருக்கும். இப்போது அம்மாவுக்கு நான்காம் வகை.

இறங்கிய ஈறுக்கெல்லாம் ஒட்டு தேவையில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். சிரிப்பை அழகுபடுத்துகிறோம் என்று பேக்கேஜ் விற்கிறவர்களிடம் நான் ஆள் பிடித்துக் கொடுக்கவில்லை. கூச்சமில்லை, மேலும் இறங்கவில்லை என்றால் அளந்து குறித்துவைத்துக்கொண்டு சும்மா இருக்கலாம். அளக்க வேண்டும், அவ்வளவுதான். மில்லிமீட்டர் கோடு போட்ட ஒரு சின்னக் கம்பி போதும். எத்தனை முகாமில் அதை ஈறுக்குள் விட்டுப் பார்க்கிறார்கள்?

செலவு விஷயத்துக்கு வருவோம். ஒரு பல்லுக்கு 15,000 ரூபாய் கொடுத்தேன். காப்பீட்டில் கேட்டால், எத்தனை மணி நேரம் அட்மிட் ஆகியிருந்தீர்கள் என்றார்கள். 2020 ஏப்ரலில் எல்லா மருத்துவக் காப்பீட்டு நிறுவனங்களும் விற்றாக வேண்டும் என்று கொண்டுவந்த ஆரோக்ய சஞ்சீவனியில் நோயால் தேவைப்படும் பல் சிகிச்சையும் உண்டு என்றுதான் எழுதியிருக்கிறது. ஆனால் மருத்துவமனையில் சேர்ந்தால்தான். சேர்வது என்றால் பொதுவாக 24 மணி நேரம் படுக்கை. ஈறு ஒட்டு நாற்காலியில் சாய்ந்தபடி ஒன்றரை மணி நேரத்தில் முடிகிற வேலை. திசு எடுத்திருக்கிறார்கள், தைத்திருக்கிறார்கள், ஆனாலும் அது கணக்கில் வராது. கண்புரைக்கு ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பினாலும் பணம் வருகிறதே, வாய் மட்டும் என்ன பாவம் செய்தது? பகல்நேர சிகிச்சைப் பட்டியலில் ஈறு அறுவையைச் சேர்க்க ஒரு வரி எழுதினால் போதும். அதற்கு முன்னால், ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரையும் பிரஷரும் பார்க்கிற சீட்டிலேயே ஈறுக்கும் ஒரு கட்டம் போட்டு, மில்லிமீட்டர் எழுதச் சொல்ல வேண்டும். நாற்பது வயதில் இல்லை, இருபதில்.