கோழிக்குத் தெரியாத நரி

ரோசி என்றொரு கோழி. பண்ணையைச் சுற்றி நடந்துவிட்டு, இரவுச் சாப்பாட்டு நேரத்துக்குத் திரும்பிவிடுகிறது. கதை அவ்வளவுதான். பாட் ஹட்சின்ஸ் 1968இல் வெளியிட்ட இந்த ஆங்கிலப் படக்கதையில் மொத்தமே 32 சொற்கள். ஆனால் படங்களைப் பாருங்கள். ஒரு நரி ரோசியின் பின்னாலேயே வருகிறது. குளத்தில் விழுகிறது, மாவில் புதைகிறது, கடைசியில் தேனீக்களிடம் மாட்டிக்கொள்கிறது. அந்த 32 சொற்களில் ‘நரி’ என்ற சொல்லே கிடையாது!

பயமும் சிரிப்பும் படத்தில்தான் இருக்கின்றன. அவற்றை ரசிக்க வேண்டுமானால், ‘எனக்குத் தெரிந்தது கோழிக்குத் தெரியாது’ என்று குழந்தைக்குப் புரிய வேண்டும். இது எளிய வேலையல்ல. 1983இல் விம்மர், பெர்னர் என்ற உளவியலாளர்கள் குழந்தைகளிடம் ஒரு கதை சொன்னார்கள். சிறுவன் ஒருவன் சாக்லேட்டை ஓரிடத்தில் வைத்துவிட்டு வெளியே போகிறான். அம்மா அதை இடம் மாற்றிவிடுகிறார். திரும்பி வந்தவன் எங்கே தேடுவான்? 3 வயதுப் பிள்ளைகள் பெரும்பாலும் சாக்லேட் இப்போது இருக்கும் இடத்தையே காட்டுவார்கள். 4, 5 வயதில்தான் அடுத்தவர் மனத்தில் என்ன இருக்கிறது என்பது பிடிபடத் தொடங்குகிறது.

மோரிஸ் செண்டாக்கின் 1963ஆம் ஆண்டுப் படக்கதையில் அம்மா திட்டிய கோபத்தில் மேக்ஸ் என்ற சிறுவன் பூதங்களின் நாட்டுக்குப் போகிறான். கோபம் வளர வளரப் படம் பெரிதாகிறது. உச்சத்தில் எழுத்தே இல்லை. வீடு திரும்பினால் சாப்பாடு சூடாகக் காத்திருக்கிறது. அம்மா மன்னித்துவிட்டார் என்று எங்கும் எழுதவில்லை. அம்மாவின் முகம்கூட ஒரு படத்திலும் இல்லை.

நாமோ படப் புத்தகத்தைத் திறந்ததும் சோதனை வைக்கிறோம். “இது என்ன? என்ன நிறம்? இந்த எழுத்தை வாசி!” கனடாவில் மேரி ஆன் எவன்ஸும் சக ஆய்வாளரும் 2005இல் குழந்தைகளின் கண் அசைவைப் பதிவு செய்தார்கள். பெரியவர் வாசித்துக்காட்டும்போது பாலர் வயதுப் பிள்ளைகளின் கண்கள் எழுத்தின் பக்கம் போவதே அபூர்வம். அவர்கள் படத்தில் இருக்கிறார்கள்.

திரிங்காப் வட்டார வாசகர்களே, இங்கேதான் உங்கள் வீட்டுப் பாட்டி வருகிறார். தேயிலை மலையில் கொழுந்து பறித்தே வயது போனவர்கள் பலர், பேரன் புத்தகத்தை நீட்டினால் “எனக்குப் படிக்கத் தெரியாதய்யா, அம்மாகிட்டே போ” என்று ஒதுங்கிவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் அது பெரிய இழப்பு. வேகமாக எழுத்தை ஓட்டிவிட்டுப் பக்கத்தைத் திருப்பும் நம்மைவிட, படத்தையே பார்த்துக்கொண்டு “இந்தப் புள்ள ஏன் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கு?” என்று கேட்பவர் குழந்தைக்கு நல்ல துணை. 1988இல் அமெரிக்காவில் வைட்ஹர்ஸ்ட் குழுவினர், வாசிக்கும்போது இப்படித் திறந்த கேள்விகள் கேட்கப் பெற்றோரைப் பழக்கினார்கள்; ஒரே மாதத்தில் பிள்ளைகளின் பேச்சுத்திறன் கூடியது.

சென்னை தூலிகா பதிப்பகம் 2017இல் வெளியிட்ட ஒரு புத்தகம் உண்டு. பிரியா குரியன் வரைந்தது. மூக்குக் கண்ணாடியைத் தொலைத்துவிட்டு வீட்டையே கலக்கும் ஒரு கேரளப் பாட்டியின் கதை. உள்ளே ஒரு சொல்லும் கிடையாது. எந்த மொழிக்காரருக்கும் பொருந்தும். அதைப் பாட்டி கையில் கொடுங்கள், பேரனைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். ஒரு பக்கத்திலேயே அரை மணி நேரம் போனாலும் போகட்டும்; நடுவில் நீங்கள் பேச வேண்டாம்.